காற்புள்ளியும் வியப்புக்குறியும்: 'ஹலோ, வேர்ல்ட்' பாடபேத ஆராய்ச்சி (முதற்பகுதி முன்னுரையின் ஒரு சிறுபகுதி)

புதிய புரோகிராமிங் மொழி கற்கப் புகுவோர் மூவகையர் என்ப: கண்ணால் கற்போர், காதால் கற்போர், கையால் கற்போர். முதல் இரு திறத்தாரும் யூடியூபை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு உறங்கிவிடுவதால் ஆய்வெல்லைக்குள் வாரார். ஒட்டிக் கற்போர் என நான்காம் வகை ஒன்றும் உளதால் எனின், அது கற்றலன்று. பல்கலைக்கழகங்களில் அதற்குப் பட்டமே கொடுப்பதால் ஈண்டுக் கூறிற்றிலம்.

கையால் கற்போன் முதலில் எழுதுவது, 'ஹலோ, வேர்ல்ட்' என்று திரையில் காட்டும் புரோகிராம். ஆசிரியர், பெல் ஆய்வகத்துப் பிரையன் கெர்னிகன். கிடைக்கும் பாடங்கள் மூன்று. 1970களின் தொடக்கத்தில் பி மொழிக்கு எழுதிய பயிற்சிக் குறிப்பு. 1974-இல் சி மொழிக்கு எழுதியது. டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து 1978-இல் வெளியிட்ட நூல். பி-பாடத்தின் ஈற்றில் வியப்புக்குறி உண்டு. 1978 நூலில் இல்லை. எங்கே போயிற்று?

வியப்புத் தணிந்தது என்பார் முதல் உரைகாரர்.

இரண்டாமவர் அவ்வளவில் அமையார். பி மொழியில் ஓர் எழுத்து மாறிலி நான்கு எழுத்துக்கு மேல் கொள்ளாது. ஆகவே ஆசிரியர் தொடரை ஆங்கில எழுத்து நந்நான்காக 'ஹெல்', 'ஓ, வ', 'ஓர்ல்ட்' என்று வெட்டினார். இது வகையுளி, வியப்புக்குறி நான்காம் சீர், எனவே அடி அளவடி. பின்னர் வியப்புக்குறி வீழவே சிந்தடியாயிற்று என்று முடித்தார். சி மொழியில் தொடரை வெட்டவே வேண்டாமே என்று மாணவர் ஒருவர் கேட்டதற்கு, புரோகிராமை ஓட்டிப் பார்ப்பது ஆய்வு நெறிக்குப் புறம்பு என்று மறுத்தார்.

மூன்றாமவர் இரண்டாமவருடைய அடிக்குறிப்பின் ஓரக்குறிப்புக்கு உரை கண்டவர். அவ்வோரக்குறிப்பிலும் செல்லரித்தது போக எஞ்சியது காற்புள்ளி ஒன்றே. அது விளிவேற்றுமைக்கு உரியது. பிற்காலத்தார் அதை விட்டெழுதுவதால் உலகம் விளிக்கப்படாது எழுவாயாய் நின்று, பயனிலையின்றித் தவிக்கிறது என்பது அவர் துணிபு. இதனை ஒருமுறை எழுதி முனைவரானார். திருப்பி எழுதிப் பதவி உயர்வு பெற்றார். தலைப்பை மாற்றிப் பணிநீட்டிப்பும் பெற்றார்.

மாறி, லூப், ஃபங்ஷன்: வந்துழிக் காண்க.

வரிசையெண் சி-யில் 0-இலும் ஃபோர்ட்ரானில் 1-இலும் தொடங்குவது என்னை எனின், அதற்குத் தனி நல்கை வேண்டும்.

செமிகோலனை விட்டவனுக்குக் கம்பைலர் பல வேளை அடுத்த வரியில்தான் பிழை காட்டும். பிழை கிடக்குமிடம் ஒன்று, சுட்டுமிடம் மற்றொன்று என்னும் இவ்வியல்பு உரைமரபுக்கும் பொது.

ஒரு மொழியைக் கற்க அதில் புரோகிராம் எழுதுவதே வழி என்று 1978 நூலின் முதல் அத்தியாயம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. இவ்விடத்துக்கு மூவரும் உரை எழுதவில்லை. இரண்டாமவர் மட்டும், இடைச்செருகலாகலாம் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.