ஒரு டெசிபலின் எடை: இரவல் பாட்டு வாசிக்கும் கித்தார்க்காரரின் ஆம்ப் தேர்வு பற்றிய ஆய்வு

பிறர் எழுதி, பிறர் பாடி, பிறர் பொருளீட்டிய ராக் பாடல்களை வார இறுதி இரவுகளில் மதுக்கூடங்களிலும் திருமண விருந்துகளிலும் வாசித்துக் காட்டும் இசைக்குழு கவர் பேண்ட் எனப்படும். அக்குழுவின் கித்தார்க்காரர் தம் வாழ்நாளில் எடுக்கும் முடிவுகளுள், வீடு வாங்குவதற்கு அடுத்தபடியாக நீண்ட ஆலோசனைக்கு உள்ளாவது எந்த ஆம்ப்பை வாங்குவது என்பதே. சிலரிடத்தில் இவ்வரிசை மாறியிருப்பதும் உண்டு. ஆம்ப் என்பது, மின்கித்தாரின் கம்பி அதிர்வால் காந்தச் சுருளில் எழும் நுண்ணிய மின்னலையைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு ஊட்டும் கருவியாகும். பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தால் அது காம்போ. தனித்தனியே அமைந்தால் பெருக்கி ஹெட் என்றும், ஸ்பீக்கர்ப் பெட்டி கேபினெட் என்றும், இவை ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் கோலம் ஸ்டாக் என்றும் வழங்கும். இப்பொருள் பற்றிக் கித்தார்க்காரரிடையே நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் தொனியை, அதாவது ஒலியின் நிறத்தை, முதற்காரணமாகக் கொள்கின்றன. தொனி நான்காம் இடத்துக்கே உரியது என்பதும், முதல் மூன்று இடங்கள் முறையே எடைக்கும் அறைக்கும் ட்ரம்ஸ் வாசிப்பவருக்கும் உரியன என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களம் இங்கிலாந்தின் மதுக்கூடங்கள்.

ஆம்ப் உலகில் சமயங்கள் மூன்று. மூத்தது வால்வுச் சமயம். வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். அதனுள் சூடேறிய உலோகம் எலெக்ட்ரான்களை உமிழ, இடையில் நிற்கும் வலைக்கம்பியில் வந்து சேரும் சிறு மின்னலை அவ்வோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் தன் சாயலிலேயே பெரிய அலை ஒன்றை உண்டாக்குகிறது. கொள்ளளவை மீறிப் பெருக்கும்படி வற்புறுத்தப்படும்போது வால்வு அலையின் முகடுகளை மெல்ல மழுக்கிவிடுகிறது. ராக் இசையின் உயிரென்று கொண்டாடப்படும் கரகரப்பு இந்த மழுங்கலே. பொறியாளர் நோக்கில் அது ஒரு பழுது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டரின் பட்டறை 1950களில் செய்த பாஸ்மேன் என்னும் ஆம்ப் பேஸ் கித்தாருக்கென்றே பிறந்தது. அதன் மின்சுற்றைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டு, 1962இல் மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் இருந்த ஒரு கடையில் முதல் மார்ஷல் ஆம்ப் செய்யப்பட்டது. கடையின் உரிமையாளரான ஜிம் மார்ஷல் ட்ரம்ஸ் வாசிப்பவராகவும் ட்ரம்ஸ் ஆசிரியராகவும் இருந்தவர். கடையும் முதலில் ட்ரம்ஸ் கடையே. உரத்த கித்தாரின் மறுபெயராகிவிட்ட ஒரு பெயர் ட்ரம்ஸ்காரர் ஒருவருடையது என்பதைக் கித்தார்க்காரர்கள் அடிக்கடி நினைவுகூர்வதில்லை. (1981இல் வெளிவந்த ஜேசிஎம்800 என்னும் புகழ்பெற்ற மாதிரியின் எண் அவருடைய காரின் பதிவுப் பலகையிலிருந்து வந்தது. அந்த எண்ணில் ஆழ்ந்த மின்னியல் பொருள் காண முயன்றோர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.) கெண்ட் பகுதியின் டார்ட்ஃபோர்டில் உருவாகி 1959 முதல் வழங்கிவரும் வாக்ஸ் ஏசி30 இச்சமயத்தின் மற்றொரு பெருந்தெய்வம்.

இரண்டாவது டிரான்சிஸ்டர்ச் சமயம். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் சூடாக்கவும் வேண்டாதது, எளிதில் உடையவும் செய்யாதது. ஆயினும் கொள்ளளவை மீறினால் அது முகடுகளை மழுக்காமல் வெட்டிவிடுவதால் காதுக்குக் கசக்கிறது. ஆகவே மீறாமல் தெளிவாகவே ஒலிப்பது என்னும் நோன்பை ஏற்று, ரோலண்ட் நிறுவனம் 1975இல் ஜாஸ் கோரஸ் 120 என்பதை வெளியிட்டது. அந்நோன்பு இன்றுவரை கலையவில்லை. மூன்றாவது மாடலிங் என்னும் கணிப்புச் சமயம். உள்ளிருக்கும் சிறு கணினி, பழைய ஆம்ப்களின் நடத்தையை, அவற்றின் பழுதுகள் உட்பட, எண்களாகக் கணித்துத் திரும்ப உண்டாக்குகிறது. மனிதகுலம் அரைநூற்றாண்டுக் காலம் நீக்க முயன்ற பிழைகளை மிகத் துல்லியமாக மீட்டெடுக்கும் பொறி என்று இதனை வரையறுப்பது தகும்.

தனக்கென்று பாட்டு உடைய இசைஞருக்கு இம்மூன்றில் ஒன்றைத் தேர்வது எளிது. எது ஒலிக்கிறதோ அதுவே அவருடைய தொனி ஆகிவிடும். இரவல் பாட்டுக்காரரின் நிலை வேறு. ஒன்பது மணிக்கு பீட்டில்ஸ் பாடலுக்கு வாக்ஸ், ஒன்பதேகாலுக்கு ஏசி/டிசி பாடலுக்கு மார்ஷல், அதன்பின் மெட்டாலிகா பாடலின் மென்மையான தொடக்கத்துக்கு ஜாஸ் கோரஸ், அதே பாடல் முரட்டுத்தனமாகத் திரும்பும் இடத்தில் மெசா பூகி என்று அவருடைய ஓர் இரவு நான்கு ஆம்ப்களையும் அவற்றை ஏற்றிவர ஒரு லாரியையும் கோருகிறது. அவரிடம் இருப்பதோ ஒரு சிறு கார். அதன் பின்பகுதியிலும் பாதியிடத்தை மைக் தாங்கிகள் பிடித்துக்கொள்கின்றன.

இவ்விடத்தில் தொனிவாதிகள் எழுப்பும் கடா ஒன்று உண்டு: அற்றேல், மூல ஒலிப்பதிவில் உள்ள பேரொலியைச் சிறிய ஆம்ப் எங்ஙனம் தரும் எனின், மூல ஒலிப்பதிவுகளே பல இடங்களில் சிறிய ஆம்ப்களால் ஆனவை என்பது விடை. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் தம் எல்பிகோ என்னும் சிற்றாம்ப்பின் ஸ்பீக்கர்க் கூம்பைச் சவரத் தகட்டால் கீறி, அதிலிருந்து எழுந்த கரகரப்பை வாக்ஸ் ஆம்ப் வழியே பெரிதாக்கிப் பதிவுசெய்தார். லெட் செப்பலின் குழுவின் 1969ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் ஜிம்மி பேஜ் பெரிதும் பயன்படுத்தியது சுப்ரோ என்னும் சிறிய காம்போ. பெரிய ஆம்ப்கள் அரங்கத்தின் பின்வரிசையை எட்டுவதற்காக மேடையில் அடுக்கப்பட்டவை. மதுக்கூடத்தின் பின்வரிசை கழிப்பறைக் கதவோடு முடிந்துவிடுகிறது.

இனி எடைக்கு வரலாம். ஒலியின் உரப்பை அளக்கும் அலகு டெசிபல். ஆம்ப்பின் திறன் இரு மடங்கானால் உரப்பு 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. ஆகவே 50 வாட் ஆம்ப்பை விற்று 100 வாட் ஆம்ப் வாங்கியவர் சற்றே உணரக்கூடிய ஒரு வேறுபாட்டையே விலைக்குப் பெறுகிறார். மனிதச் செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட் திறனும் ஏறத்தாழ 19 கிலோ எடையும் உடையது. அதே குடும்பத்து ட்வின் ரிவெர்ப் 85 வாட்டும் ஏறத்தாழ 29 கிலோவும் உடையது. இரண்டாவதில் உள்ள கூடுதல் ஸ்பீக்கரால் வரும் ஆதாயத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், திறன் வேறுபாட்டால் கிடைப்பது 6 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. அதற்குச் சுமக்கவேண்டிய கூடுதல் எடை 10 கிலோ. எனவே ஒரு டெசிபலின் எடை ஏறத்தாழ 1.7 கிலோ என்னும் மாறிலி பெறப்படுகிறது. இவ்விகிதம் தொடருமாயின், செவிக்கு இரு மடங்கு உரத்து ஒலிக்க விரும்புவோர் 17 கிலோ கூடுதலாகத் தூக்க வேண்டும். இம்மாறிலியை இயற்பியலார் ஏற்கமாட்டார்கள். நள்ளிரவில், மழையில், மதுக்கூடத்து மாடியறையின் குறுகிய படிக்கட்டில் இறங்கும் கித்தார்க்காரர் அதனை மெய்ப்பிப்பார்.

எடையே வடிவத்தை வகுத்தது என்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1960களின் நடுவில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் உரத்த ஒலி வேண்டும் என்று மார்ஷலிடம் கேட்க, 100 வாட் பெருக்கியும், 12 அங்குல ஸ்பீக்கர் எட்டினைக் கொண்ட ஒற்றைப் பெருங்கேபினெட்டும் செய்து தரப்பட்டன. அதைச் சுமந்தோர் முறையிட்டனர். அதன்பின் அது நான்கு நான்கு ஸ்பீக்கர்களாக இரண்டு பெட்டிகளாய்ப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்று நிற்கலாயிற்று. ராக் இசையின் ஆண்மைக்கும் ஆவேசத்துக்கும் அடையாளமாகச் சுவரொட்டிகளில் நிற்கும் அந்த இரட்டை அடுக்கு, கூர்ந்து நோக்கின், சுமைதூக்குவோரின் தொழிலாளர் கோரிக்கை ஒன்று நிறைவேறியதன் நினைவுச் சின்னமாகும்.

அறையின் இயல்பு அடுத்தது. 12 அங்குல ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களை எல்லாப் பக்கமும் பரப்பினாலும், ஆயிரம் ஹெர்ட்ஸைக் கடந்து மேலே செல்லச் செல்ல ஒலியை நேர்முன்னே மட்டும் கற்றையாக வீசுகிறது. காம்போ தரையில் இருக்கிறது. கித்தார்க்காரர் அதன் முன்னே நிற்கிறார். கீச்சொலிக் கற்றை அவருடைய ஆடுசதையைத் தொட்டுவிட்டு முன்மேசையில் அமர்ந்திருப்பவரின் செவிக்குச் செல்கிறது. ஆடுசதைக்குச் செவியில்லாமையால் கித்தார்க்காரர் ஒலி மந்தமாக இருப்பதாகக் கருதி, கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை மேலும் திருப்புகிறார். முன்மேசைக்காரர் மேலும் துன்புறுகிறார். ஆம்ப்பை நாற்காலியின் மேலேற்றுவதும் பின்சாய்த்து வைப்பதும் இதற்கு மருந்து. இவற்றுள் எதற்கும் செலவில்லை என்பதாலோ என்னவோ ஆம்ப் வாங்குவோர் இவற்றை ஆராய்வதில்லை. வீட்டில் தேடிக் கண்டடைந்த தொனி மேடையில் காணாமற்போவதற்கும் காரணம் உண்டு. தாழ்ந்த உரப்பில் மனிதச் செவி கனத்த ஒலிகளையும் கீச்சொலிகளையும் குறைத்தே கேட்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். படுக்கையறையில் அக்குறையை ஈடுகட்டத் திருப்பிய குமிழ்கள் மதுக்கூடத்தில் அப்படியே நிற்க, பேஸ் கித்தாரோடு மோதும் முழக்கமும் காதைத் துளைக்கும் கீச்சும் மிஞ்சி, கித்தாருக்கே உரிய நடுச்சுரங்கள் மறைகின்றன.

மூன்றாம் காரணமான ட்ரம்ஸ் வாசிப்பவர் விரிவாக ஆராயத் தக்கவர். அவருடைய கருவிக்கு வால்யூம் குமிழ் இல்லை. குழுவின் உரப்பு அவர் கையில் தொடங்குகிறது, மற்றவர்கள் அதை எட்டிப் பிடிக்க வேண்டியவர்கள். பிரிட்டனில் பல சிற்றூர் மன்றங்களிலும் திருமண மாளிகைகளிலும் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் காக்கும் பொருட்டு ஒலிவரம்பி என்னும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. சுவரிலோ கூரையிலோ உள்ள மைக் கூடத்தின் உரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும். வரம்பை நெருங்கினால் விளக்கு நிறம் மாறும். மீறிய நிலை சில நொடிகள் நீடித்தால் மேடையின் மின்சாரமே துண்டிக்கப்படும். சிவப்பு விளக்கை எரியவைப்பதில் பெரும்பங்கு ஸ்நேர் ட்ரம்முக்கும் சிம்பலுக்கும் உரியது. மின்சாரம் போனதும் கித்தார் அணைகிறது, பேஸ் அணைகிறது, பாடகரின் குரல் அணைகிறது. மின்சாரமே தேவைப்படாத ட்ரம்ஸ் மட்டும், குற்றமிழைத்த ஒன்றே தண்டனைக்குத் தப்பிய நிலையில், தொடர்ந்து முழங்குகிறது. இக்கூடங்களில் 100 வாட் ஆம்ப்பின் முதல் ஐந்து வாட்டைத் தாண்டிப் பயன்படுத்தும் வாய்ப்பு அரிது. எஞ்சியதை என்செய்வது எனின், ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் பொருத்தி, உண்டான திறனை வெப்பமாக்கிக் கரைக்கும் அட்டெனுவேட்டர் என்னும் கருவி கடைகளில் தனி விலைக்குக் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கிய வாட்டுகளை மேலும் காசு கொடுத்து எரிப்பதற்கு வேறு கலைகளில் இணை காண்பது கடினம். சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது: 2005ஆம் ஆண்டின் பணியிட இரைச்சல் விதிகள் 2008 ஏப்ரல் முதல் இசைத்துறைக்கும் பொருந்துகின்றன, அவற்றின்படி நாள் சராசரியாக 85 டெசிபலை எட்டும் இடத்தில் செவிக்காப்பு கட்டாயமாகிறது.

பெரிய ஆம்ப் இல்லையெனில் பின்னிருப்போருக்குக் கேட்காதே என்னும் கடா இன்னும் எஞ்சுகிறது. அதற்குத்தான் கூடத்தின் பொது ஒலியமைப்பு இருக்கிறது. 1965 முதல் வழங்கும் ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்றைச் சிறு காம்போவின் ஸ்பீக்கருக்கு முன் வைத்தால், அது 22 வாட்டா 100 வாட்டா என்று கேட்போருக்குத் தெரிவதற்கில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது பழகிய பாட்டின் முதல் நான்கு சுரங்கள். அவை சரியான சுரங்களாக இருந்தால் போதும்.

ஆகவே முடிபு வருமாறு. வால்வின் கரகரப்பில் நம்பிக்கையுடையோர் 15 முதல் 22 வாட் வரையுள்ள, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று பொருந்திய வால்வுக் காம்போ ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். வாக்ஸ், மார்ஷல், ஃபெண்டர் மூன்று குடும்பங்களிலும் அத்தகையவை உண்டு, எஞ்சிய நிறங்களைக் காலடியில் உள்ள பெடல்கள் பார்த்துக்கொள்ளும். ஓர் இரவில் பல ஆம்ப்களின் சாயல் வேண்டுவோரும் முதுகில் நம்பிக்கை குறைந்தோரும் கணிப்புச் சமயத்தைச் சேர்வதே முறை. ஃபெண்டர் 2019இல் வெளியிட்ட கணிப்புவகை டீலக்ஸ் ரிவெர்ப் ஏறத்தாழ 10.4 கிலோதான். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் வேறுபாடு தெரியும் என்போர், மதுக்கூடத்தில் எவரும் அவ்வாறு கேட்பதில்லை என்பதையும் கருத வேண்டும். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கினால் அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக் கூடும். ஆதலின் அச்சமயத்தார் தனி ஹெட் வைத்திருந்தால் உதிரி ஸ்பீக்கர்க் கம்பியும், எவ்வகையாயினும் உதிரி ஃபியூஸும், பையில் வைத்திருக்க வேண்டும். 100 வாட் ஸ்டாக் வேண்டும் என்று இன்னமும் எண்ணுவோர், கடையில் அதை வாசித்துப் பார்ப்பதற்கு முன், கடைக்காரரின் இசைவோடு அதன் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறி இறங்கிவிட்டு விலை கேட்பது நல்லது.