பத்துல ஒண்ணு நமக்கு

எய்யா, நீ மாரத்தான்ல ஓடப்போறேன்னு ஒங்கம்மா சொன்னா. நல்ல காரியம். நம்ம வீட்டுல கடைசியா ஒருத்தன் ஓடினது பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போற மினி பஸ்ஸப் பிடிக்க. அது ஒங்கப்பன். பஸ்ஸு கெடைக்கல, தக்காளிக்கூடை தான் கவுந்துச்சு. அதனால குடும்ப மானம் மொத்தமும் ஒங்கால்ல இருக்குன்னு சொன்னா நீ பயந்துருவ. நான் சொல்லல.

ஓடுததுக்கு முன்னால சட்டத்தத் தெரிஞ்சுக்கணும். 2023-ல தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டத்துக்கு மாவட்டம் அறிஞர் அண்ணா மாரத்தான்னு நடத்துனாவல்லா, அதுல 17 வயசுலேர்ந்து 25 வரைக்கும் உள்ள பயலுவளுக்கு 8 கிலோமீட்டர், பொம்பளப் பிள்ளையளுக்கு 5. இருபத்தஞ்சுக்கு மேல உள்ள ஆம்பளைக்கு 10, பொம்பளைக்கு 5. மொதப் பரிசு 5,000 ரூவா, அடுத்தது 3,000, மூணாவதுக்கு 2,000. அதோட விட்டாவளா? நாலாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் ஆளுக்கு 1,000. ஒரு பிரிவுக்கு 17,000, நாலு பிரிவுக்கும் சேத்து 68,000. மாவட்டத்துக்கு நாப்பது பேரு பரிசு வாங்கலாம். இன்னொண்ணும் கவனிச்சேன். 25 வயசுக்கு மேலன்னு போட்டாவளே தவிர, எந்த வயசு வரைக்கும்னு போடல. கண்ணாடி போட்டும் படிச்சேன், கழட்டி வச்சும் படிச்சேன். போடல.

டீக்கடையில ஒருத்தன் கட்டாயம் கேப்பான், "பத்து கிலோமீட்டரு ஒரு மாரத்தானா வே?"ன்னு. நீ மொகத்தத் தொங்கப் போடாத. 1896-ல ஏதென்ஸ்ல நடந்த மொத ஒலிம்பிக்ல மாரத்தான் 40 கிலோமீட்டர் கிட்டத்தான். பொறவு 1908-ல லண்டன்ல, விண்ட்சர் கோட்டையில கெளம்பி, மைதானத்துல ராசா குடும்பம் உக்காந்துருக்க எடத்துக்கு முன்னால வந்து முடியணும்னு ரோட்ட இழுத்தாவ. 42 கிலோமீட்டர் 195 மீட்டர் வந்துச்சு. 1921-ல அதையே சட்டமாக்கிட்டாவ. ராசா நாற்காலிய நாலு எட்டு இந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருந்தா, இன்னைக்கு ஒலகம் பூரா அத்தன பேருக்கும் நாலு எட்டு மிச்சம். பெரிய மனுசன் உக்காருத எடத்துக்கு ஏத்தாப்ல ரோடு வளையுதது ஆலங்குளம் வட்டாரத்துல மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். லண்டன்லயும் உண்டாம். ஒரு ஆறுதல்.

நம்ம ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுல கெளம்பி பாவூர்சத்திரம், தென்காசி வழியா குத்தாலம் பேரருவி வரைக்கும் ஓடினாக்கூட 42 தேறாது. மிச்சத்துக்கு மலையில ஏறி செண்பகாதேவிப் பக்கம் ஓடணும். அதுக்கு வனத்துறைக்காரன் விடமாட்டான். ஆகவே பத்து போதும்.

சின்ன போட்டின்னும் கூச்சப்படாத. ஏதென்ஸ்ல அந்த மொத ஓட்டத்துக்கு வந்து நின்னவன் மொத்தம் 17 பேரு. அதுல 13 பேரு உள்ளூர்க்காரன். செயிச்சவன் ஸ்பிரிடான் லூயிஸ், தண்ணி சுமந்து விக்கவன். அதைவிடக் கூட்டம் நம்ம தென்காசி மாவட்டத்துல வெறும் விசில் ஊதினாலே கூடிரும்.

இப்பம் ஒன் ஷூவுக்கு வாரேன். ஏழாயிரம் ரூவான்னு கேள்விப்பட்டேன். மொதப் பரிசு ஐயாயிரம். ஆக, நீ செயிச்சாலே ரெண்டாயிரம் நட்டம். தோத்தா எவ்வளவுன்னு நீயே கணக்குப் போடு, நீதான என்சினியரு. பீகார்லேர்ந்து பட்டாளத்துக்குப் போன சிவ்நாத் சிங்னு ஒருத்தர் இருந்தாரு. பல பந்தயத்துல வெறுங்கால்ல ஓடின மனுசன். 1978-ல ஜலந்தர்ல முழு மாரத்தானையும் 2 மணி 12 நிமிசத்துல முடிச்சாரு. அதுக்குப் பொறவு எத்தன கம்பெனி எத்தன ஷூ வித்துருப்பான்! நாப்பது வருசத்துக்கு மேல அந்த நேரத்த ஒரு இந்தியனும் தாண்டல. அதுக்காக நீ வெறுங்கால்ல எறங்கிராத. அவரு கால் வரப்புல வளந்தது, ஒங்கால் ஏசியில வளந்தது. ரோட்டோரத்துல உடைமுள்ளு ஒனக்காகவே காத்துக் கெடக்கு. ஷூவப் போட்டுக்கோ, ஆனா அன்னைக்குக் காலையில டப்பாவப் பிரிக்காத. கல்யாண மாப்பிள்ளைய புதுச் செருப்பு கடிக்குதது ஊரறிஞ்ச கத. அவனாவது மண்டபத்துக்குள்ளதான் நடக்கான். நீ இப்பமே போட்டுக்கிட்டு வாய்க்கா வரைக்கும் நாலு நாள் போயிட்டு வா. வாரப்பம் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல்லும் அறுத்துட்டு வந்தியன்னா ஷூவுக்கும் பழக்கம், மாட்டுக்கும் சாப்பாடு.

மொத நாள் ராத்திரி ஒன் சேக்காளியோ ஒன்னக் கூப்பிடுவானுவ, "வால, பிரானூர் பார்டர்ல புரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்னா தெம்பா ஓடலாம்"னு. போகாத. அந்தக் கோழி ஒனக்கு முன்னால ஓடும், நீ எடம் தேடி ஓடணும். ரெண்டு இட்லி, காலையில உப்புப் போட்ட நீத்தண்ணி ஒரு செம்பு. போதும். எடையில கண்டதையும் வாங்கித் திங்காத. 1904-ல அமெரிக்காவுல செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக்ல கியூபாக்காரன் ஒருத்தன் ஓடினான், பெலிக்ஸ் கார்வஹால்னு பேரு. ஊர்லேர்ந்து வந்த வழியில சூதாட்டத்துல பணத்தத் தொலச்சவன். நீளக் காச்சட்டையக் கத்திரிச்சு விட்டுட்டு எறங்கினான். பசி தாங்காம வழியில இருந்த தோப்புல ஆப்பிளப் பறிச்சுத் தின்னான். அது அழுகலு. வயிறு பெசையவும் ரோட்டோரமாப் படுத்து ஒரு தூக்கம் போட்டான். பொறவு எந்திரிச்சு ஓடி நாலாவதா வந்தான்! நம்ம கணக்குப்படி நாலாவதுக்கு ஆயிரம் ரூவா. அவனுக்கு அங்க ஒத்தப் பைசா கெடைக்கல. தூங்கி எந்திரிச்சு நாலாவது வாரவனுக்கு ஏத்த ஊரு அமெரிக்கா இல்ல, தென்காசிதான்.

விசில் ஊதினதும் என்ன நடக்கும்னு சொல்லுதேன் கேளு. முன்னால நிக்கவன்லாம் ஸ்கூல் பயலுவ. அவன் பின்னால போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராவுத பயலுவ. 1,500 மீட்டர ஏழு நிமிசத்துக்குள்ள ஓடணும்னு தெனமும் கருக்கல்ல எந்திரிச்சு ஓடுதவன் அவன். அவனுக்கு வேல வேணும், ஒனக்குப் போட்டோ வேணும். ரெண்டுக்கும் வேகம் வேற. நீ அவன் பிடரியப் பாத்துக்கிட்டே மொத கிலோமீட்டர ஓடினன்னு வையி, ரெண்டாவதுல விலாவப் பிடிக்கும், மூணாவதுல மூச்ச வாங்கும், நாலாவதுல சாமி கும்பிடுவ. பக்கத்துல ஓடுதவன்ட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியுதான்னு பாரு. முடிஞ்சா அதுதான் ஒன் வேகம். பேச்சு அந்துச்சுன்னா வேகத்தக் கொற. பேச்ச நிப்பாட்ட ஒன்னால முடியாதுன்னு ஊருக்கே தெரியும், அதனால இது ஒனக்குச் சுளுவு.

காத்தையும் கவனி. ஆனி, ஆடியில ஓட விட்டானுவன்னா செங்கோட்டைக் கணவா வழியா வார மேகாத்து நெஞ்சுல கை வச்சுத் தள்ளும். சும்மாவா இந்தச் சுத்து வட்டாரத்துல கண்ணு போற மட்டும் காத்தாடியா நட்டு வச்சிருக்கான்? அதுக்கு ஒரே வழி, நல்ல அகலமான ஆளாப் பாத்து அவருக்குப் பின்னால ஒதுங்கி ஓடு. அவரு தாசில்தாரா இருந்தா இன்னும் விசேசம். பின்னால வந்ததுக்கு மரியாதைன்னும் பேரு கெடைக்கும். பொரட்டாசின்னா காத்து அடங்கிரும், வெயிலு வந்துரும். முன்ன இந்தத் திருநவேலி ரோட்டுல ரெண்டு பக்கமும் மரம் குடை பிடிச்சுது. நாலு வழிச் சாலைக்காக எத்தனையோ மரத்த வெட்டிட்டாவ. இப்பம் ரோடு ஓடுததுக்கு அகலமா இருக்கு, நிக்கதுக்குத்தான் எடம் இல்ல. பழகும்போது அந்த ரோட்டுல மட்டும் போகாத. குளத்தங்கரை இருக்கு, காட்டுப்பாத இருக்கு. லாரிக்காரனுக்கு ஒன் மாரத்தான் தெரியாது.

சென்னையில ஆயிரக்கணக்குல ஓடுதானுவன்னு சொல்லுவ. அங்க நீ நடந்தாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான். இங்க அப்படி இல்ல. ஒவ்வொரு டீக்கடை பெஞ்சுலயும் நாலு பேரு உக்காந்து ஒனக்கு மார்க்கு போடுவான். "எல, இவன் இன்னாரு பேரன்லா, என்ன இப்படி அரக்குதான்?" ஒங்க மாமன் பைக்குல கூடவே வருவான், "மாப்ள, ஏறிக்கோ, அந்த வளவுல எறக்கி விடுதேன், ஒரு பயலுக்கும் தெரியாது"ம்பான். ஏறிராத. செயிண்ட் லூயிஸ் ஓட்டத்துல பிரெட் லோர்ஸ்னு ஒருத்தன் பாதி வழி கார்ல போயிட்டு, பொறவு எறங்கி ஓடி, மொதல் ஆளா வந்து நின்னான். கைதட்டு வாங்கி முடிக்கதுக்குள்ள குட்டு வெளிப்பட்டுச்சு. ஊரு பேரு தெரியாத சீமையிலயே பிடிச்சுட்டான்னா, நம்ம தெருவுல ஒன்ன விடுவானா? ஒங்க மாமனே சாயங்காலம் நாலு பேருட்ட சொல்லிருவான்.

முடியலன்னா நில்லு. நிக்கதுல வெக்கம் இல்ல. ஆனா அங்க நிக்க போலீஸ்காரர்ட்டயோ தண்ணி குடுக்க பிள்ளைகள்ட்டயோ சொல்லிட்டு நில்லு. 1912-ல ஸ்டாக்ஹோம்ல ஜப்பான்காரர் ஷிசோ கனகுரி வெயில் தாங்காம ஒரு வீட்டுத் தோட்டத்துல ஒதுங்கினாரு. குடிக்க என்னமோ குடுத்தாவ. குடிச்சாரு, யாருட்டயும் சொல்லாம ஊருக்குப் போயிட்டாரு. சுவீடன்காரன் ஆளக் காணலன்னு எழுதி வச்சுட்டான். 1967-ல திரும்பக் கூப்பிட்டு, விட்ட எடத்தப் பொருட்படுத்தாம முடிக்க வச்சாவ. நேரம் எவ்வளவு தெரியுமா? 54 வருசம், 8 மாசம், 6 நாளு, 5 மணி, 32 நிமிசம், 20.3 செகண்டு. அந்தப் புள்ளி மூணையும் விடாம எழுதினான் பாரு, அவன்தான் கணக்கப்பிள்ள. ஆனா ஒங்கம்மாவால அவ்வளவு நாள் சோத்த மூடி வச்சுக் காத்திருக்க முடியாது.

கடைசியா வாரவனப் பாத்துச் சிரிக்காத. அவனுக்குப் பின்னால ஆம்புலன்ஸ் மெல்ல வரும். பேனரச் சுருட்டிக்கிட்டு இருப்பானுவ, வாழப்பழம் தீந்துருக்கும். செயிச்சவன் அர மணி நேரத்துல நெழலுக்குப் போயிட்டான். இவன் அதப்போல ரெண்டு பங்கு நேரம் வெயில்ல கெடந்து வாரான். அவன் யாருன்னு பந்தயம் முடிஞ்ச பொறவு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அது தெரிஞ்சுந்தான் வாரான். அந்தத் தைரியம் வேணும்னாத்தான் சின்ன ஊர்ப் பந்தயத்துல ஓடணும். அது நீயா இருந்தாலும் சரி, நடந்தாவது கோட்டத் தாண்டு. பொறவு போட்டோ எடு.

அப்புறம், வயசுச் சான்றுக்கு ஜெராக்ஸ் எடுத்து வச்சிரு, பாஸ்புக்கையும் சேத்து வையி. காயிதம் இல்லாம எந்தக் கால்வேகமும் எடுபடாது. பஞ்சாப்ல பொறந்த பௌஜா சிங்னு ஒருத்தரு, 89 வயசுக்கு மேலதான் மாரத்தான் ஓடவே ஆரம்பிச்சாரு. 2011-ல, நூறு வயசுன்னு சொல்லி டொராண்டோவுல முழுசையும் எட்டு மணி நேரத்துக்கு மேல ஓடி முடிச்சாரு. கின்னஸ்காரன் பொறப்புச் சான்று கேட்டான். அவரு பொறந்த காலத்துல அங்க எழுதி வைக்க ஆள் ஏது? இல்லன்னுட்டான். நூறு வருசம் உசுரோட இருந்தது காணாது, அதுக்கு முத்திரையும் வேணும்.

அந்தக் கதையப் படிச்சதும்தான் எனக்கு ஒரு யோசன. ஒங்க ஆச்சி ஆதார எடுத்துப் பாத்தேன், வயசு தெளிவா இருக்கு. எத்தன வருசமா பீடிக்கடைக்கு நடந்து போயி எலையும் தூளும் வாங்கி வந்து, ஆயிரம் பீடி சுத்தி, திரும்ப நடந்து போயிக் கட்டுக் குடுத்தவ. எடையில காட்டுல ஆடு வேற. ஒரு நாளாச்சும் அவ விலாவப் பிடிச்சு நான் பாத்ததில்ல, என் விலாவத்தான் பிடிச்சிருக்கா. பொம்பளைக்கு 5 கிலோமீட்டர், பத்துப் பேருக்குப் பரிசு. இந்தப் பக்கத்துப் பொம்பளையோ 25 வயசுக்கு மேல ஓட எத்தன பேரு வந்துருவாவ? ஒம்பது பேரு வந்தாவன்னு வையி, ஆச்சி கடைசியா வந்தாக்கூடப் பத்தாவது. பேரு குடுத்தாச்சு. "செருப்போட ஓடலாமா?"ன்னு மட்டும் கேட்டா. ஷூ செலவு இல்ல, முழு ஆயிரமும் லாபம்.

இதுல ஒரே ஒரு ஆபத்துதான். இந்தக் கணக்கு மேலத்தெரு பொம்பளையளுக்குத் தெரிஞ்சுதுன்னா நாளைக்கே முப்பது பேரு பேரு குடுத்துருவாளுவ. அத்தன பேரும் களை எடுக்கப் போறவளுவ, ஒருத்தியும் நடுவுல நிக்க மாட்டா. அதனால நீ ஓடாட்டாலும் பரவால்ல, இத வெளிய சொல்லிராத. கால விட ஒனக்கு வாயி வேகமா ஓடும்ங்கதுதான் என் கவல.