ஸ்டெப்னி துப்பாக்கி

டெக்சஸில் இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சொல்ல வந்தது இரண்டு வைத்திருப்பவரைப் பற்றி. டல்லாஸ் புறநகர்ப் பக்கம் நாலு தெரு சுற்றினால் ஒருவராவது அகப்படுவார். எங்கள் தெருவில் இருப்பவருக்கு பாப் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டியவர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷன். குப்பை வண்டி போன பிறகு தன் தொட்டியோடு எங்கள் தொட்டியையும் உள்ளே இழுத்து வைப்பார். அப்போதும் கணுக்காலில் ரிவால்வர் இருக்கும்.

அமெரிக்கப் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2017-இல் மதிப்பிட்டார்கள். தலைக்கு ஒன்றுக்கு மேலேயே வருகிறது. எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. நமக்கு வர வேண்டியதைத்தான் பாப் சுமக்கிறார் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சுமைதான். வலது இடுப்பில், பேண்டுக்கு உட்புறமாக, கிளாக் 19, பதினைந்து தோட்டா. இடது கணுக்காலின் உள்பக்கம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ஐந்தே தோட்டா பிடிக்கும் குட்டி ரிவால்வர். இடது இடுப்பில் கிளாக்குக்கு இன்னொரு மேகசின். ஒரு பாக்கெட்டில் டார்ச், இன்னொன்றில் மடக்குக் கத்தி. இத்தனையும் தொங்கத் தோதாக இரட்டைத் தோல் வைத்துத் தைத்த பெல்ட். பேண்ட் ஒரு சைஸ் பெரிது. மொத்தம் இரண்டு கிலோ வரும். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னபோது, "எனக்குள் இருப்பதையா, என்மேல் இருப்பதையா?" என்று கேட்டதாக அவரே சொன்னார். நாற்பது டிகிரி வெயிலில் தெருவே அரை டிராயரில் திரியும்போது பாப் மட்டும் கால் அகலமான ஜீன்ஸில் வியர்த்துக்கொண்டு நிற்பார். டிராயர் போட்டால் ஸ்டெப்னி தெரிந்துவிடுமே.

லைசன்ஸ் விஷயத்திலும் அவர் அப்படித்தான். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயதுக்காரர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். பாப் லைசன்ஸை விடவில்லை. சட்டம் நாளைக்கு மாறிவிட்டால்?

எதற்கு இரண்டு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். முதலாவது சிக்கிக்கொள்ளலாம். முதலாவதில் தோட்டா தீரலாம். காரில் சீட் பெல்ட் மாட்டியபின் இடுப்புத் துப்பாக்கிக்குக் கை போகாது, கணுக்காலுக்குப் போகும். மல்லுக்கட்டில் எவனாவது முதலாவதைப் பிடுங்கிக்கொண்டால் இரண்டாவது இருக்கும். அடுத்து வருவது மியாமி. 1986 ஏப்ரல் 11 அன்று எட்டு எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் மியாமியில் சண்டை. கார்கள் மோதிய வேகத்தில் இரண்டு முகவர்கள் தங்கள் துப்பாக்கியைத் தவறவிட்டார்கள். ஒருவர் மாற்றுத் துப்பாக்கியை உருவிக்கொண்டு இறங்கினார். முடிந்தபோது எட்டு முகவர்களில் இருவரும் கொள்ளையர் இருவரும் செத்துக் கிடந்தார்கள். இதைச் சொல்லும்போது பாப் குரலைத் தாழ்த்துவார். அந்த மரியாதை நியாயம்தான். பிறகு நியூயார்க் போலீஸ்காரர் ஜிம் சிரில்லோ வருவார். 1960-களின் கடைசியில் கடைகளுக்குள் மறைந்திருந்து கொள்ளையரை மடக்கிய படையில் இருந்தவர்; ஒரு துப்பாக்கியோடு திருப்திப்பட்டவர் அல்ல. தோட்டா தீர்ந்தால் நிரப்பிக்கொண்டிராமல் அடுத்த துப்பாக்கியை எடுப்பதற்கு இன்றும் 'நியூயார்க் ரீலோடு' என்றுதான் பேர்.

எல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் கொள்ளையரைத் தேடிப் போனவர்கள், அதற்குச் சம்பளம் வாங்கியவர்கள். பாப் போகிற இடம் சர்ச், மளிகைக்கடை, ஆணி திருகு விற்கிற கடை. எனக்குத் தெரிந்து அவரை யாரும் துரத்தவில்லை. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன்: திருடனைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. அவன் வருவான், அது முடிந்த விஷயம். பேச்செல்லாம் ஸ்பிரிங், மேகசின், எண்ணெய், வெளியே தெறிக்காமல் மாட்டிக்கொள்ளும் வெற்றுக் குப்பி. முப்பது வருஷம் பாலிசி விற்ற மனுஷனுக்கு ஆபத்து பயமில்லை. ஆபத்து வருகிற நேரத்தில் கவரேஜ் இல்லாமல் போவதுதான் பயம்.

ஒருநாள் விடாமல் கேட்டேன்.

"ரிவால்வரும் சுடவில்லை என்றால்?"

"கத்தி இருக்கிறது."

"கத்தி கீழே விழுந்துவிட்டால்?"

"ஓடிவிடுவேன்."

"அதை முதலிலேயே செய்யலாமே?"

"முட்டி வலி" என்றார்.

முட்டி விஷயம் நிஜம். கார் ஷெட்டில் எனக்குச் செய்துகாட்டினார், தோட்டாவையெல்லாம் எடுத்து இரண்டு முறை சரிபார்த்த பிறகு. கணுக்கால் துப்பாக்கியை எடுக்க வேண்டுமானால் முதலில் ஜீன்ஸ் காலை ஒரு கையால் கொத்தாகப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். அப்புறம் ஒரு முட்டியைத் தரையில் ஊன்ற வேண்டும். அப்புறம் உறையின் பட்டியை விடுவிக்க வேண்டும். துப்பாக்கி வெளியே வந்தது. பாப் எழுந்து வரவில்லை. காரின் பம்பரைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்து முடிப்பதற்குள், நிதானமான திருடனாக இருந்தால் அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டே போயிருப்பான்.

இதைவிடப் பெரிய சோதனை கழிப்பறை. பேண்டை இறக்கினால் இடுப்புத் துப்பாக்கி பெல்ட்டோடு சேர்ந்து தரைக்குப் போகும். எடுத்துக் காகித உருளைமேல் வைத்தால் மறந்துவிட்டு வந்துவிடுவார்கள். அப்படி மறந்துவிட்டு வந்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர், போலீஸ்காரர்கள் உட்பட. அதனால் பாப் இறங்கிய பேண்டுக்குள்ளேயே அதை உறையோடு விட்டுவிடுகிறார். ஆனால் அமெரிக்கப் பொதுக் கழிப்பறைத் தடுப்புகள் தரையைத் தொடுவதில்லை. அடியில் ஒரு முழம் இடைவெளி. ஊருக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் காத்து வரும் கணுக்கால் ரகசியம் பக்கத்து அறைக்காரர் கண்ணுக்கு நேரே இருக்கும். ஒரு தடவை பக்கத்திலிருந்து ஒரு குரல், "642-தானே? நானும் அதுதான்" என்றதாம். இருவரும் கைகழுவும் இடத்தில் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பேச விஷயம் உண்டு. இவர்களுக்குள் கட்சிகள் இருக்கின்றன. ஸ்டெப்னி ரிவால்வராகத்தான் இருக்க வேண்டும், அது சிக்காது என்பது ஒரு கட்சி. கிளாக் 26 வைத்துக்கொண்டால் கிளாக் 19-இன் மேகசினையே அதிலும் போடலாம் என்பது இன்னொன்று. கோளாறு பெரும்பாலும் மேகசினில்தான் வருகிறது, ஆகவே மாற்று மேகசின் போதும், மாற்றுத் துப்பாக்கி வீண் என்பது மூன்றாவது கட்சி. எனக்கு மூன்றாவது கட்சிக்காரர்கள் சொல்வது சரியாகப் படுகிறது. பாப்பிடம் சொல்லவில்லை.

ஹோட்டலில் அவர் சுவரோரமாக, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். காரணம் வைல்ட் பில் ஹிக்காக். தந்தப் பிடி போட்ட இரண்டு கோல்ட் ரிவால்வர்களால் பேர் வாங்கியவர். 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் ஊர் சாராயக்கடையில் வாசலுக்கு முதுகைக் காட்டிச் சீட்டாடிக்கொண்டிருந்தவரை ஒருவன் பின்னந்தலையில் சுட்டான். இந்தக் கதையில் இரண்டு துப்பாக்கியாலும் பலனில்லை என்பது என் கட்சி. நாற்காலியைப் பார்த்துப் போட வேண்டும் என்பது பாப்பின் கட்சி. அவரும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் சாப்பிட வந்தபோது பார்த்தேன். இருவருக்குமே சுவர் வேண்டும். தோளோடு தோள் ஒரே பக்கம் உட்கார்ந்து, எதிரே இரண்டு காலி நாற்காலிகளைப் பார்த்தபடி முட்டை ஆம்லெட் சாப்பிட்டார்கள்.

விமான நிலையம் என்றால் பாப்புக்கு நடுக்கம். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன; நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தோட்டா போட்டவை. பிடிபட்டவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் "மறந்துட்டேன்". ஒன்றை மறப்பதே சுலபம், இரண்டு இருந்தால் கேட்க வேண்டுமா? கிளம்புமுன் இடுப்பையும் கணுக்காலையும் தானே தடவிப் பார்த்துவிட்டு, மனைவியையும் ஒரு தடவை தடவிப் பார்க்கச் சொல்வார்.

கடைசியாக ஒரு காரணத்தைப் போன மாதம்தான் சொன்னார். ஸ்டெப்னி தனக்கு மட்டும் இல்லையாம். ஆபத்து நேரத்தில் பக்கத்தில் நம்பகமான ஒருவர் இருந்தால் அவர் கையில் கொடுக்கலாம். விருந்துகளில் அவர் ஒவ்வொருவராக உற்றுப் பார்ப்பது இதற்குத்தான் போலிருக்கிறது. மச்சானுக்குக் கிடையாது, கோபக்காரன். பாதிரியாருக்குக் கிடையாது, யோசிப்பார். "உனக்குத் தருவேன்" என்றார். கண் கலங்குகிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

மனைவிதான் கேட்டாள்: "ஏங்க, விசாக்காரங்க அதையெல்லாம் கையால தொடலாமா?"

தொடக் கூடாது. என்னைப் போல எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். தெரிந்தே அவர் கையில் கொடுப்பதும் குற்றம். விஷயத்தைச் சொன்னதும் பாப்பின் முகம் விழுந்துவிட்டது. கிரீன் கார்டு வந்தால் சரியாகிவிடும் என்றேன். எப்போது வரும் என்றார். இந்தியர் வரிசையில் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருப்பவர்களே இன்னும் நிற்கிறார்கள் என்றேன். "திருடன் அதுவரைக்கும் பொறுக்க மாட்டான்" என்றார், நிஜமான கவலையோடு.

ஒரு வாரம் ஆளைக் காணோம். பிறகு சட்டப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு வந்தார். முறையாக வாங்கிய வேட்டை லைசன்ஸ் இருந்தால் விசாக்காரருக்கும் விதிவிலக்கு உண்டு. நிஜமாகவே இருக்கிறது. லைசன்ஸ் வால்மார்ட்டிலேயே கிடைக்கும். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். சனிக்கிழமை தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

"பாப், நான் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை."

"மானைச் சுட வேண்டாம். லைசன்ஸ் மட்டும் கையில் இருக்கட்டும். ரெண்டு பிரதி எடுத்துக்கொள். ஒன்று பர்ஸில், இன்னொன்று சாக்ஸுக்குள்."