எடுபிடி வீரன்

பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னால் காதில் விழாத மாதிரி பேப்பரைப் புரட்டுகிற ரகம் நான். வீட்டில் இதற்குச் சாட்சிகள் உண்டு. அப்படிப்பட்ட நான் 2006-ல் திருச்சி தில்லைநகரில், ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு சமையல்காரருக்காக மாடு தேடிப் போய்ப் பால் கறந்தேன்.

ரூன்ஸ்கேப் என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. இங்கிலாந்தில் கோவர் சகோதரர்கள் 2001-ல் ஆரம்பித்தது. அன்று பிரவுசரிலேயே ஓடியது. ‘எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்த சென்டர்காரரிடம் மாட்டாமல் நான் நுழைய முடிந்த மாய உலகம் அது ஒன்றுதான். வாள் உண்டு, மந்திரம் உண்டு, டிராகன் உண்டு என்று கேள்விப்பட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். லும்பிரிட்ஜ் கோட்டைக்குள் ஒரு சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிரபுவுக்குப் பிறந்தநாளாம். கேக் செய்ய வேண்டுமாம். முட்டை ஒன்று, பால் ஒரு வாளி, மாவு ஒரு பானை. வாங்கி வைக்க மறந்துவிட்டாராம்.

உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் கையில் மளிகை லிஸ்ட்.

முட்டை சுலபம்; கோழிப்பண்ணையில் தரையிலேயே கிடந்தது. மாவுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வயலில் கதிர் பறித்து, காற்றாலை மில்லுக்குப் போய், ஏணி ஏறி, அதற்கு மேல் இன்னோர் ஏணி ஏறி, உச்சியில் இருக்கும் தொட்டியில் கொட்டி, பக்கத்து நெம்புகோலை இழுத்துவிட்டு இரண்டு ஏணியும் இறங்கி வந்தால், கீழே மாவு குவிந்திருந்தது. அள்ளப் பானை இல்லை. பானை எங்கே இருந்தது தெரியுமா? கோட்டைச் சமையலறை மேஜை மேல். அந்த மனிதர் கைக்கெட்டும் தூரத்தில். ஓடிப்போய் எடுத்து வந்து மாவை அள்ளும்போது சென்டர் பையன் தோளைத் தட்டி, “அண்ணே, டைம் முடிஞ்சுது” என்றான். இன்னொரு 20 ரூபாய். கூலி, சமையல் கணக்கில் 300 அனுபவப் புள்ளியும் ஒரு குவெஸ்ட் பாயிண்ட்டும். குவெஸ்ட் என்றால் விளையாட்டு நம்மிடம் ஒப்படைக்கிற பணி. கேக்கில் ஒரு துண்டு இல்லை.

இந்த ரக வேலைக்கு விளையாட்டு உலகத்தில் ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதைவிடக் கச்சிதமான சொல் இருக்கிறது: எடுபிடி. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது ஒரு குஷி. கோதுமை எப்படி மாவாகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. அம்மா அனுப்பிய மாவு மில் வாசலில் எத்தனையோ நாள் வரிசையில் நின்றிருக்கிறேன்; உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

பிறகு பெங்களூரில் வேலை, கையில் நாலு காசு. 2009-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் சேர்ந்தேன். மாதச் சந்தா 14.99 டாலர், அன்றைய கணக்கில் 700 ரூபாய்ச் சொச்சம். 2004-ல் வெளிவந்து உலகத்தையே கட்டிப்போட்ட விளையாட்டு. அதில் நம்மிடம் வேலை வாங்க நினைப்பவர் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி மிதக்கும். முடித்துவிட்டு வந்தால் அதே இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி. என் மேனேஜர் தலைக்கு மேலும் இப்படி ஒன்று மிதந்தால், தூரத்திலேயே பார்த்து கேன்டீன் பக்கம் ஒதுங்கிவிடலாமே என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

பேரன்ஸ் என்று ஒரு காய்ந்த வெளி. நடுவே கிராஸ்ரோட்ஸ் என்ற ஊர். அங்கே செர்க்ரா டார்க்தார்ன் என்ற அம்மாள், முதலில் நெருப்புக்கோழி மாதிரி ஒரு பறவையின் அலகு 7 கேட்டார். அடுத்து செவ்ராவின் குளம்பு 4. செவ்ரா என்பது வரிக்குதிரை மாதிரி, நெற்றியில் ஒற்றைக் கொம்போடு திரியும் பிராணி. கால்களை எண்ணிப் பார்த்தேன். நாலு. கேட்டதும் நாலு. ஒன்றை அடித்தால் கதை முடிந்தது என்று புறப்பட்டேன்.

முதல் செவ்ரா. குளம்பு இல்லை. இரண்டாவது. இல்லை. ஏழோ எட்டோ ஆன பிறகு ஒன்றில் குளம்பு கிடைத்தது. ஒன்றே ஒன்று. மீதி மூன்று காலிலும் அது என்ன, செருப்பா போட்டுக்கொண்டிருந்தது? இரவு ஒரு மணிக்கு நான் திரையைப் பார்த்து உரக்கக் கேட்ட கேள்வி இது. அறைத் தோழன் எழுந்து விளக்கைப் போட்டான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பிராணி சாகும்போதும் விளையாட்டு மறைவில் ஒரு பகடை உருட்டுகிறது. என்ன விழுந்தால் குளம்பு என்பதை வடிவமைப்பாளர் முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறார். புதிதாக ஒரு மில் கட்டி, ஏணி வைத்து, நெம்புகோல் மாட்ட வேண்டுமானால் ஓவியர் வேண்டும், புரோகிராமர் வேண்டும், சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். குளம்பு கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்க ஒரு எண்ணை மாற்றினால் போதும். பஜ்ஜி மாவில் சோடா உப்பு போடுகிற மாதிரி, அதே மாவு பொங்கிப் பெரிதாகத் தெரியும்.

இது தயாரித்தவர்களுக்கும் தெரியும். அதே 2009-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு வடிவமைப்பாளர் மாநாட்டில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டைத் தயாரித்த பிளிஸார்டின் ஜெஃப் கப்லான் மேடையேறித் தங்கள் குவெஸ்ட்களின் குறைகளைத் தாங்களே போட்டு உடைத்தார். அவர் திட்டியவற்றில் ஒன்று ஸ்டிராங்கிள்தார்ன் காட்டில் ஒரு புத்தகத்தின் உதிர்ந்த பக்கங்களைப் பொறுக்குகிற வேலை. செய்தது தானேதான் என்றும் ஒப்புக்கொண்டார். அந்தக் கொடுமையை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மொத்தம் 15 பக்கம். எந்தப் புலி எந்தப் பக்கத்தை விழுங்கியிருக்கிறது என்று தெரியாது. கிடைத்த பக்கமே திரும்பத் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் பையில் தனித்தனி இடம் பிடிக்கும். ஆரம்பத்தில் தருகிற பையில் இருப்பதோ 16 இடம். வாள் வாங்கவா, பக்கம் வைக்கவா? அரைப்பரீட்சை விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி கட்டுக்கட்டாகக் காகிதத்தைச் சுமந்துகொண்டு ஒருவாரம் காட்டில் அலைந்தேன்.

அந்தக் காகிதத்துக்குச் சொந்தக்காரர் பெயர் ஹெமெட் நெசிங்வாரி. எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் எர்னெஸ்ட் ஹெமிங்வே. அவ்வளவு பெரிய எழுத்தாளர் பெயரை வைத்தவர்கள் குவெஸ்டை விவரிக்க ஒதுக்கிய இடம், அதே உரையில் கப்லான் சொன்ன கணக்குப்படி, 511 எழுத்து. தமிழில் நலம் விசாரிக்கவே காணாது.

ஆனால் அதே பேரன்ஸில் மான்க்ரிக் இருந்தார். போரில் மனைவியைத் தொலைத்துவிட்டவர், ஓர்க் என்ற இனத்துக்காரர். அவரும் எடுபிடி வேலைதான் கொடுத்தார். சும்மா இல்லை, பன்றி முகத்து எதிரிகளின் தந்தம் 60. கூடவே இன்னொன்றும் கேட்டார், மனைவியைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி. வரைபடத்தில் அம்புக்குறி கிடையாது. ஆயிரக்கணக்கான ஆட்கள் ‘மான்க்ரிக் சம்சாரம் எங்கே?’ என்று பொது அரட்டையில் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விளையாட்டின் தீராத நகைச்சுவையே அதுவாகிப்போனது. நானும் சிரித்தேன். தெற்கே போகிற பாதை ஓரம், ஒரு குடிசைப் பக்கத்தில் அந்த அம்மாளின் உடலைப் பார்க்கும்வரை. திரும்பிப் போய் அவரிடம் சொல்ல வேண்டுமே என்று நான் ஓடவில்லை, நடந்தேன். அந்த 60 தந்தத்தைக் கொடுத்தேனா என்று இன்று சத்தியமாக நினைவில்லை.

துணைக்குப் போகிற குவெஸ்ட்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ரத்த அழுத்தம். ஒரு வரி மட்டும்: நான் ஓடினால் காவல் காக்க வேண்டியவரை முந்திவிடுவேன், நடந்தால் பின்தங்கிவிடுவேன், வழியில் படுத்திருக்கும் ஒவ்வொரு ஓநாயையும் அவர் கூப்பிட்டு வம்பு பண்ணுவார். 2012-ல் வந்த தி சீக்ரெட் வேர்ல்டில் இதற்கெல்லாம் மாற்றாகத் துப்பறிய விட்டார்கள். தெருவில் சாக்கடை மூடிகள் மேல் குறியீடு, அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பைபிள் வசனம் புரட்ட வேண்டும். பிரமாதமான யோசனை. மூன்றாம் நாளே இணையத்தில் விடையைப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான்.

போன வருடம் கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்பு முடித்த மகள் ஒருநாள், “அப்பா, இது தெரியுமா?” என்று லேப்டாப்பைக் காட்டினாள். அதே லும்பிரிட்ஜ் கோட்டை. 2007-ன் பழைய ரூன்ஸ்கேப்பை 2013-ல் ஓல்டு ஸ்கூல் என்று பெயர் வைத்து மறுபடி திறந்திருக்கிறார்களாம். சமையல்காரர் இன்னும் கையைப் பிசைந்துகொண்டு அதே இடத்தில் நிற்கிறார். இத்தனை வருடமாகியும் அந்த வீட்டில் மாவு ஸ்டாக் இல்லை.

இருவரும் ஆளுக்கொரு கணக்கில் சேர்ந்தே ஆடினோம். அப்படித்தான் ‘ஒரு சின்ன உதவி’ என்ற குவெஸ்டில் போய் விழுந்தேன். ஷைலோ கிராமத்தில் யன்னி என்ற பழம்பொருள் வியாபாரி கொஞ்சம் சிவப்பு மகோகனிக் கட்டை வாங்கி வரச் சொல்கிறார். மரம் வெட்டுகிறவர் கோடாலி மழுங்கிவிட்டது, தீட்டிக் கொண்டு வா என்கிறார். கப்பல்துறையில் கோடாலி தீட்டுகிறவர், அதற்கு முன் ஒரு சூனியக்காரியைப் பார்த்துவிட்டு வா என்கிறார். அவளுக்கு ஒரு சின்ன உதவி. அங்கிருந்து கோழிக்கூண்டு, பானை மூடி, காற்றுத்திசை காட்டி என்று உலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஒரு சின்ன உதவி. கடைசி ஆளைத் தொட்டபிறகு, வந்த வழியே ஒவ்வொருவரிடமாகத் திரும்பிப் போய்க் கணக்கு முடிக்க வேண்டும்.

சின்ன வயதில் பாட்டி சொன்ன, தன் பெயரை மறந்துபோன ஈயின் கதைதான். கன்றிடம் கேட்டால் தாயைக் கேள் என்னும், தாய் மேய்ப்பவனைக் காட்டும், அவன் கைக்கோலைக் காட்டுவான். வடிவமைப்பாளர்கள் தங்கள் தொழிலையே கிண்டல் செய்து ஒரு குவெஸ்ட் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு நடுவழியில் உறைத்தது. வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு வாரம் அலைந்தவனுக்கு அது கிண்டலாகவும் தெரியவில்லை. மூன்று இரவு. ஒவ்வொருவர் பேச்சையும் கடைசி வரி வரை படித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கோபமே.

கடைசியில் யன்னி கொடுத்த பரிசுகளில் ஒன்று, எஃகில் ஒரு சாவி வளையம்.

சாவி இல்லை. வளையம்.

மகள் அதே குவெஸ்டை ஒரே மத்தியானத்தில் முடித்திருந்தாள். யார் வாய் திறந்தாலும் ஸ்பேஸ் பாரை டக்டக்கென்று தட்டிக்கொண்டே போயிருக்கிறாள். யாருக்கு என்ன வேண்டுமென்பதைப் பக்கத்தில் திறந்திருந்த குறிப்பு சொல்லிவிட்டது. அவள் கணக்கிலும் அதே வளையம்.

“அப்பா, இது எதுக்கு குடுத்தாங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். “அது பெரிய கதை கண்ணு. ஷைலோ கிராமத்துல யன்னின்னு ஒருத்தர், அவருக்குக் கொஞ்சம் சிவப்பு மகோகனிக் கட்டை தேவைப்பட்டுது. ஏன்னா...”

அவள் முகம் என் பக்கம்தான் இருந்தது. கட்டைவிரல் மட்டும் ஸ்பேஸ் பாரைத் தட்டத் தொடங்கியிருந்தது.