பன்முக அனுபவம்

ஓய்வுபெறும் உயரதிகாரிக்குப் பொன்னாடை போர்த்துகிறவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: ஐயா பேரிடர் நிவாரணமும் பார்த்தார், சுற்றுச்சூழலும் பார்த்தார், பாதுகாப்பும் பார்த்தார். குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கோவிலுக்கு ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் புகழ்ச்சி வேடிக்கையாக இருக்கிறது. இடுப்புத் துணியும் சொத்துதான் என்று அதையும் துறந்த சமணத் தீர்த்தங்கரர்கள் அந்தப் பாறையில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கிறார்கள். நம் மாவட்ட ஆட்சியர் நாற்காலியோ அந்த மூன்று துறையையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 2005 சட்டப்படி பேரிடர் ஆணையத்தின் தலைமை அதற்கு. 2006 அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்தின் தலைமையும் அதற்கே. கருத்துச் சொல்ல ஆள் அதிகமாகத் திரண்டால் தடையுத்தரவும் அங்கிருந்துதான் வரும். உட்காருபவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு பேச்சு.

ஆனால் பன்முக அனுபவம் அவருக்கு மட்டுமா? தூத்தூர், வள்ளவிளை மீனவரின் பணிப்பதிவேட்டைப் புரட்டுங்கள். 2004-இல் சுனாமி அகதி. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு ஆழ்கடல் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தேடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்து, கடைசியில் தங்கள் படகை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கில் வந்து குழித்துறை ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது நிவாரணத் துறையை. பதில் சொன்னது காவல் துறை, வழக்குகளோடு. உடல் கிடைக்காதவன் செத்தானா என்று முடிவுகட்ட ஏழு வருஷம் வேண்டும் என்பது சட்டக் கணக்கு. விதியைத் தளர்த்தச் சொல்லி அழ வேண்டியிருந்தது. வழக்குப் பதிய எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. புயலுக்கு முந்தி வர முடியாத வண்டி, மறியலுக்கு முந்தி எப்படி வந்து நிற்கிறது? அந்தப் பக்கம் இடிந்தகரையில் கூடங்குளம் அணுஉலை பத்திரமா என்று கேட்டவர்களுக்குத் தேசத்துரோகப் பட்டமே கிடைத்தது. பதவி உயர்வுதான்.

மலைப்பக்கத்துக் கதை சுருக்கம்: டாரஸ் லாரி. மலையை உடைத்த பாறை அதில் ஏறுகிறது, எல்லையில் களியக்காவிளை தாண்டுகிறது, கேரளத்தில் இறங்குகிறது. சிதறால் பாறைக்குத் தொல்லியல் துறையின் காவல் உண்டு. மற்ற பாறைகள் செய்த பிழை, தங்கள்மேல் தீர்த்தங்கரரைச் செதுக்க விடாததுதான்.

கிள்ளியூர் வட்டத்துக்கு வாருங்கள். கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு. இங்கே 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணலை அள்ள மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்துக்கு ஆசை. 2024 அக்டோபர் 1-இல் கருத்துக்கேட்பு என்று நாள் குறித்தார்கள். ஊர் எழுந்து நின்றது, கூட்டம் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வழி கண்டுபிடித்தது: அணுக்கனிமச் சுரங்கங்களுக்கு இனி கருத்துக்கேட்பே வேண்டாம். கேட்டால்தானே வேண்டாமென்பான்! சொன்ன காரணம், தேசப் பாதுகாப்பு. பயணப்படிகூடக் கேட்காமல் ஒரு அமைச்சகமே பாதுகாப்புத் துறைக்கு மாற்றலாகிப் போன அதிசயத்தை வேறெங்கே பார்ப்பீர்கள்?

எந்தத் தேசத்தை, யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கும் ஒரு பிரிவு இருக்கும். மணலை அள்ளிய பிறகு கடல் உள்ளே வந்தால் நிவாரணம் உண்டு. தலைமை அதே நாற்காலி. அங்கிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு ஏதாவது ஒரு நிபுணர் குழுவில் இடம் காத்திருக்கும். மீனவனுக்கு வாய்தா காத்திருக்கும்.

இன்னும் ஒரு வேலைதான் பாக்கி. அடுத்த புயலின் எச்சரிக்கையையும் தேசப் பாதுகாப்பு ரகசியம் என்று அறிவித்துவிட்டால், மூன்று துறையின் வேலையும் ஒரே கோப்பில் முடிந்துவிடும். எப்படியும் அது படகுக்கு வந்து சேரப்போவதில்லை.