உராய்வின் மேல் வழக்குப் போடுங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் ஆளைக் கொல்வது எப்போதும் உராய்வுதான். பட்டாசு ஆலை வெடித்தால், உடல்களை எண்ணி முடிப்பதற்குள் காரணம் கிடைத்துவிடும்: மருந்துக் கலவையில் உராய்வு. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்காரவைத்தது உராய்வு. ஒருவர் பேரில் உரிமம் வாங்கி, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டதும் உராய்வு. மறுநாள் பேப்பரில் ‘போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு’ என்று வரும். முன்ஜாமீன் கிடைத்ததும் தலை தெரியும்.

அதற்குள் அரசின் கருணை ஊருக்குள் வந்துவிடும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் செத்தபோது மாநிலத்தின் கருணை 3 லட்சம், டெல்லியின் கருணை 2 லட்சம். 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டியில் ஆலை வெடித்தபோது மாநிலம் 4 லட்சம் அறிவித்தது. விலைவாசியோடு கருணையும் ஏறுகிறது, குறை சொல்லக் கூடாது. காசோலை நீட்டும் மந்திரி கேமராவைப் பார்ப்பார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம், “கொஞ்சம் நிமிருங்கம்மா” என்பார் போட்டோக்காரர்.

யார் வீட்டுக் கடனை யார் பணத்தில் அடைக்கிறீர்கள்? வேலையில் செத்தவனின் குடும்பத்துக்கு முதலாளி பணம் தர வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1923-லேயே சட்டம் போட்டுவிட்டுப் போனான். 2020-ல் அதைத் தொகுப்புச் சட்டம் ஒன்றுக்குள் சேர்த்தார்கள். கணக்கு பைசா சுத்தம். நாற்பது வயதுக்காரருக்கு மாதச் சம்பளம் 15,000 என்றால், அதில் பாதியை 184.17-ஆல் பெருக்க வேண்டும். 13,81,275 ரூபாய். ஒரு மாதத்தில் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. ஆலைக்காரர் அதைத் தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரியிடம் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரே கொடுத்தால், மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் கணக்கிலேயே சேராது.

பிணவறை வாசலில் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே நடப்பது பஞ்சாயத்து. வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் பத்திரத்தாளோடு வருவார். “கேஸு கீஸுன்னு போனா வருசக்கணக்கா அலையணும் தாயி. கொடுக்கிறத வாங்கிக்கிட்டு ஆக வேண்டியதப் பாரு.” உரிமையை விட்டுக்கொடுத்து எழுதி வாங்கினால் அந்தத் தாள் செல்லாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. உடலைக் கொடுப்பார்களா மாட்டார்களா என்று நிற்பவளிடம் அதை யார் சொல்வது? பந்தோபஸ்துக்கு வந்த போலீஸா?

அச்சங்குளத்துக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைக்கு 20 லட்சம் என்றது. சொல்வதற்கு டெல்லியில் ஆள் இருக்கிறது. வசூலிக்க இங்கே யார்?

தப்பித்தவறி ஒருத்தி மனுவோடு இழப்பீட்டு ஆபீஸ் படியேறினால், அவள் புருஷன் அங்கே வேலை பார்த்ததற்கு முதலில் அத்தாட்சி கேட்பார்கள். வருகைப் பதிவேட்டில் பேர் இல்லையாம். உள்குத்தகைக்காரன் எந்தக் காலத்தில் பேர் எழுதினான்? மந்திரி காசோலை கொடுத்த அன்று மட்டும் இந்தப் பேர்களெல்லாம் தகப்பன் பேர், ஊர் பேரோடு எப்படிக் கிடைத்தன? அந்தப் பட்டியலையே இழப்பீட்டு அதிகாரியின் மேஜையில் வைத்து, ஆலைக்காரரின் சொத்தை ஜப்தி செய்ய வேண்டியதுதானே. என்ன தடை? தீபாவளி ஆர்டர் நின்றுவிடுமா?