பாதிப் படம்

கேள்வி: பாதி கீறிய படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டால் ஆளாளுக்குத் திருத்தம் சொல்கிறார்கள். முடித்த பிறகு போடுவதுதான் மரியாதையா?
- இளம் ஓவியர், வெள்ளவத்தை

பதில்: மரியாதை பார்த்தால் படம் கீற முடியாது, தம்பி. 1943இல் லயனல் வெண்ட், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற் எல்லோரும் கொழும்பில் '43 குழு' என்ற கலைஞர் குழுவைத் தொடங்கியபோது ஓப்ரி கொலற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் கார்ட்டூன்காரர். கார்ட்டூன்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் கீறுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும்!

கொழும்பு கிரீன் பாத்தில் 1993 முதல் நடக்கும் கலா பொல என்ற ஓவியச் சந்தையில் ஓவியர் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார். "இது மாடா, மனுசனா?" என்று கேட்பவருக்கு முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். உங்களுக்கு அந்த வில்லங்கம் இல்லை. மூக்கு கோணல் என்றால் திருத்துங்கள். "எப்ப முடியும்?" என்று கொட்டாஞ்சேனை மாமி கேட்டால் மட்டும் வாய் திறக்காதீர்கள். 1481இல் டா வின்சி தொடங்கிய 'ஞானிகளின் வணக்கம்' இன்னும் முடியவில்லை.